கணனிப் பக்கம்: அப்பாவின் கடிதங்கள் அழியவில்லை

“அப்பா பாமினியில் கடிதங்கள் தட்டிய பழைய தமிழ் மென்பொருளைப் புதுக் கணனியில் ஏற்றப் போனால், ‘இந்தக் கணனியில் இயங்காது’ என்று வருகிறது. கடிதங்களைத் திறந்தாலோ வெறும் ஆங்கில எழுத்துகள். எல்லாம் போய்விட்டதா?” என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

இல்லை, சகோதரி. இறுவட்டும் பழுதில்லை. தொண்ணூறுகளில் வந்த மென்பொருள்கள் பல 16 பிட் முறையில் எழுதப்பட்டவை. இன்றைய 64 பிட் விண்டோஸ் அவற்றை ஏற்காது. திரும்பத் திரும்ப முயல்வது வீண்வேலை.

உங்களுக்கு வேண்டியது எழுத்துரு மட்டுமே. பாமினியில் ‘அம்மா’ என்று தட்டினால், கணனிக்குள் பதிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள்தான். அவற்றுக்குத் தமிழ் முகம் கொடுப்பது எழுத்துரு. (ஆகவே குப்பை என்று நினைத்து யாரும் அழித்துவிட வேண்டாம். பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்!)

இறுவட்டில் ‘டிடிஎஃப்’ என்று முடியும் கோப்பைத் தேடுங்கள். அங்கே இல்லையென்றால், பழைய கணனியின் விண்டோஸ் உறைக்குள் ‘ஃபொன்ட்ஸ்’ என்ற உறையில் இருக்கும். அதைப் புதுக் கணனிக்குப் பிரதி எடுத்து, மவுஸின் வலப் பொத்தானை அழுத்தி ‘இன்ஸ்டோல்’ கொடுங்கள். பிறகு கடிதத்தைத் திறந்து, முழுவதையும் தெரிவுசெய்து பாமினிக்கு மாற்றுங்கள். அப்பாவின் தமிழ் வந்துவிடும்.

அதன்பின் யுனிகோட்டுக்கு மாற்றி இன்னொரு பிரதி வையுங்கள். மாற்றும்போது, இடையில் ஆங்கிலத்தில் எழுதிய விலாசங்களும் பெயர்களும் அர்த்தமில்லாத தமிழாகிவிடும். மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். மூலக் கோப்பில் மட்டும் கைவைக்காதீர்கள்.