அண்ணன் தம்பியைப் பூட்டி வைத்த மலைக்கோட்டை

குவாலியர் கோட்டைக்குப் போகிறவர்கள் மான்சிங் அரண்மனையைக் கண்டு வாய் பிளக்கிறார்கள். சுவர் முழுவதும் நீல ஓடுகள். அவற்றில் யானை, வாத்து, வாழை மரம்! மான்சிங் தோமர் 1486 முதல் 1516 வரை ஆண்ட ராஜா. சங்கீதப் பித்தர்.

அந்த அரண்மனைக்கு அடியில், பூமிக்குள்ளே இரண்டு அடுக்கு அறைகள் இருக்கின்றன. மொகலாயர் காலத்தில் இந்தக் கோட்டை சிறைச்சாலை ஆயிற்று. திருடனையும் கொள்ளைக்காரனையும் அடைக்க அல்ல. ராஜ குடும்பத்தாரை அடைக்க!

ஷாஜகானின் கடைசி மகன் முராத். அண்ணன் அவுரங்கசீப்பின் பேச்சை நம்பி, அவரோடு சேர்ந்து மூத்த அண்ணன் தாராவைத் தோற்கடித்தான். 1658-ல், மதுராவுக்கு அருகே, அந்த அவுரங்கசீப்பே அவனை விருந்துக்கு அழைத்தார். குடித்து மயங்கித் தூங்கினான். விழித்தபோது கைதி!

குவாலியரிலிருந்து நூலேணி வழியாகத் தப்ப முயன்றான் என்றும், பிரிவு தாங்காமல் அவன் காதலி கதறிய கதறலில் காவலர் விழித்துக்கொண்டார்கள் என்றும் சொல்வார்கள். பாதுஷா அதன்பின் சும்மா இருப்பாரா? முராத் முன்பு கொன்ற ஓர் அதிகாரியின் பிள்ளைகளைப் பழிக்குப் பழி கேட்கும்படி தூண்டினார்கள். மூத்தவன் மறுத்துவிட்டான். அடுத்தவன் கேட்டான். காஜி தீர்ப்புச் சொன்னார். 1661 டிசம்பரில் முராத்தின் தலை விழுந்தது. கொலைதான், ஆனால் சட்டப்படி நடந்த கொலை!

தாராவின் மகன் சுலைமான் கதை இன்னும் கொடியது. விலங்கோடு சித்தப்பாவின் முன் நின்றான். "கொல்வதானால் இப்போதே கொல்லுங்கள். கசகசாக் காய்த் தண்ணீர் மட்டும் வேண்டாம்" என்று கெஞ்சினான். அபினிச் சத்துள்ள அந்தக் காயை இரவில் ஊறவைத்து, காலையில் குடிக்கக் கொடுப்பார்கள். குடித்தால்தான் சாப்பாடு. நாளடைவில் புத்தி மங்கும், உடல் உருகும். "கொடுக்க மாட்டேன்" என்று பாதுஷா வாக்களித்தார். 1662-ல் சுலைமான் குவாலியரில் மாண்டான். வாக்கு என்ன ஆயிற்று என்று கேட்க ஆளில்லை.

அவுரங்கசீப் பொல்லாதவர், அதனால்தான் இப்படி என்று பேசி முடித்துவிடுகிறோம். எனக்கு அது போதாது. தந்தை ஷாஜகான் மட்டும் என்ன செய்தார்? 1628-ல் பட்டத்துக்கு வந்தபோது சொந்தத் தம்பியையும் அண்ணன் மகன்களையும் தீர்த்துக் கட்டித்தானே வந்தார்! மூத்தவனுக்குத்தான் பட்டம் என்ற விதி மொகலாயர் வீட்டில் இல்லை. எந்தப் பிள்ளையும் பாதுஷா ஆகலாம். ஆகவே எந்தப் பிள்ளையும் எதிரி. பாகம் எழுதி வைக்காத வீட்டில் வரும் சண்டை நமக்குத் தெரியாததா? அங்கே வழக்காடியது பீரங்கி.

கோட்டையைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் குழந்தைகளுக்கு இதையும் சொல்லவேண்டும். பேய்க்கதை சொல்லிப் பயமுறுத்தியது போதும்.

இன்னொன்றையும் கேளுங்கள். முராத்தின் மகன் இஜாத் பக்ஷும், சுலைமானின் தம்பி சிபிர் ஷுக்கோவும் அதே கோட்டையில் கைதிகளாக இருந்தார்கள். பல வருஷங்கள் கழித்து அவர்களை விடுவித்தார் பாதுஷா. 1672-ல் ஒருவனுக்கும் 1673-ல் மற்றவனுக்கும் கலியாணம் நடந்தது. மணப்பெண்கள் யார் தெரியுமா? நம் ஊர் வழக்கில் அவர்களுக்குத் தங்கை முறை. அவர்கள் வழக்கில் அது குற்றமில்லை. இருவரும் அவுரங்கசீப்பின் சொந்த மகள்கள்!