குளிர்கால முன்னறிவிப்பு: மேகம் கலைந்த இரவில் ஜாக்கிரதை

மார்கழி பிறந்துவிட்டது. டில்லிக்குப் புதிதாய் வந்த நம்மவர் குடும்பங்கள், "குளிர் எப்போது கடுமையாகும்?" என்று வினவத் தொடங்கிவிட்டன. பத்துக் குளிர்காலங்களை இங்கே கழித்தவர் என்ற உரிமையில் சில வார்த்தைகள் கூறுகிறோம்.

மத்தியதரைக் கடற்பக்கம் தோன்றும் காற்றழுத்தத் தாழ்வுகள் ஈரான், ஆப்கானிஸ்தானம் கடந்து நம் வடமேற்கை அடைகின்றன. வானிலை இலாகாவினர் இவற்றை 'மேற்கத்திய இடையூறு' என்பர். இவை வந்தால் காஷ்மீரத்திலும் இமாசலத்திலும் பனி பொழியும். டில்லியில் மழை பெய்யும். 2022 ஜனவரியில் பெய்த 88.2 மில்லிமீட்டர் மழை, 1901-க்குப் பின் அம்மாதத்தில் இங்கு பதிவானவற்றுள் மிக அதிகம்.

மழை பெய்யும் இரவில் மேகம் போர்வைபோல் தரையின் வெப்பத்தைக் காக்கிறது. மேகம் கலைந்தபின், பனி மூடிய மலைப்பக்கமிருந்து காற்று இறங்கும்போதே கடுங்குளிர் தாக்கும். சமவெளியில் வெப்பநிலை 4 டிகிரிக்கு இறங்கினால் அது குளிர் அலை. சஃப்தர்ஜங்கில் 1935 ஜனவரி 16 அன்று பூஜ்யத்திற்கும் கீழே 0.6 டிகிரி வரை இறங்கியதுண்டு. ஆகவே, சிம்லாவில் பனி என்ற செய்தி கேட்டதும் ரஜாய்களை வெயிலில் காயவைத்து எடுத்து வையுங்கள்.

அத்தகைய ஓர் இரவில், நமது முதல் குளிர்காலத்தில், நாம் செய்த பிழையைச் சொல்லவேண்டும். கைக்குழந்தைக்குக் குளிருமே என்று, கரி அங்கீட்டியை அறைக்குள் வைத்து, சன்னல் இடுக்குகளில் துணியும் திணித்து உறங்கினோம். விடியற்காலையில் பால்காரர் கதவைத் தட்டினார். எழ முயன்றால் கால்கள் நிற்கவில்லை, தலை பிளந்தது. மனைவியை எழுப்பவே நெடுநேரம் ஆயிற்று. தவழ்ந்து சென்று கதவைத் திறந்தோம். குழந்தை அழுத பிறகே நமக்கு உயிர் வந்தது. கரி எரிகையில் உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குவோரை எழுப்பாமலே கொல்லும். புகை இல்லையே என்று ஏமாறவேண்டாம். படுக்குமுன் அங்கீட்டியை வெளியே வைத்துவிடுங்கள். குளியலறையில் எரிவாயு வெந்நீர்க் கருவி இருப்பின், அங்கும் காற்றோட்டம் அவசியம்.

பொங்கலுக்கு ஊர் செல்வோருக்கு, ரயில்வே குமாஸ்தா என்ற முறையில் ஒரு வார்த்தை. மழை நனைத்த தரை, தெளிந்த வானம், அசையாத காற்று மூன்றும் கூடினால் மூடுபனி அடரும். சிக்னல் நெருங்குவதை அறிவிக்கும் கருவி இப்போது இஞ்சினில் இருப்பினும், டிரைவர் வேகத்தைக் குறைத்தே ஓட்டுவார். வரும் வண்டி தாமதித்தால், அதே பெட்டிகளுடன் திரும்பும் வண்டியும் தாமதிக்கும். சென்னையில் இறங்கி உடனே வேறு வண்டி பிடிக்கும்படி டிக்கெட் வாங்காதீர்கள். குழந்தைகளுக்கு ஒரு வேளை உணவு அதிகமாகவே கட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் தெருவில் இவ்வாண்டு புதிதாய்க் குடிவந்த தமிழ்க் குடும்பம் இருக்கலாம். அங்கீட்டி விஷயத்தை அவர்களிடம் இன்றே சொல்லிவிடுங்கள். நமக்கு அன்று சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.