ஆராய்ச்சி மணியும் வாக்குச் சீட்டும்

மனுநீதிச் சோழன் கதையை அறியாதார் நம்மில் இலர். கன்றை இழந்த பசு அரண்மனை வாயிலுக்கு வந்தது. ஆராய்ச்சி மணியின் கயிற்றை இழுத்தது. மன்னன் தன் மைந்தன் என்றும் பாராது முறை செய்தான். மன்னனின் நீதியை எல்லோரும் வியப்பர். நான் வியப்பது அந்த மணியை. அதை ஒலிக்கச் செய்யக் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை. மனிதனாகக்கூட இருக்க வேண்டியதில்லை. துன்புற்ற உயிர் என்ற தகுதி ஒன்றே போதும்.

முடியாட்சி மறைந்து குடியாட்சி மலர்ந்துவிட்டது. ஆராய்ச்சி மணியின் இடத்தில் இன்று வாக்குச் சீட்டு இருக்கிறது என்று மேடைதோறும் முழங்குகிறோம். ஆள்வோர் தவறு செய்தால் மக்கள் தேர்தலில் தண்டிப்பர் என்கிறோம். விலைவாசி, வேலையின்மை, குடிநீர் போன்றவற்றில் இது பெரிதும் உண்மையே. ஆனால் ஒரு நாடு கடல் கடந்து போர் நடத்துகிறது. அப்போரில் அதன் படையோ ஆட்சியோ இழைத்த இழிசெயல் அம்பலமாகிறது. அப்போது அந்நாட்டு வாக்காளர் என்ன செய்கிறார்? வரலாறு பயிலும் மாணவன் என்ற முறையில், அமெரிக்காவின் மூன்று அதிபர் தேர்தல்களைக் கொண்டு இதற்கு விடை தேட முற்படுகிறேன்.

அறியாத வாக்காளர்: 1968

1968-இல் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் வியத்நாமில் இருந்தனர். அவ்வோராண்டில் மட்டும் அவர்களுள் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சனவரி இறுதியில், தெத் என்னும் புத்தாண்டுத் திருநாளை ஒட்டி வட வியத்நாமும் வியத்காங்கும் தொடுத்த பெருந்தாக்குதல், 'வெற்றி நெருங்கிவிட்டது' என்ற அரசின் பேச்சைப் பொய்யாக்கியது. மார்ச் 31-ஆம் நாள், தாம் மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்று அதிபர் லிண்டன் ஜான்சன் அறிவித்தார்.

அதற்கு இரு வாரங்களுக்கு முன்னர், மார்ச் 16-ஆம் நாள், மை லாய் என்ற சிற்றூரில் அமெரிக்கப் படைப்பிரிவு ஒன்று முதியோரையும் பெண்களையும் குழந்தைகளையும் சுட்டுக் குவித்தது. கொல்லப்பட்டோர் 347 பேர் என்பது அமெரிக்கத் தரைப்படையின் கணக்கு. 504 பேர் என்பது வியத்நாமின் கணக்கு. அன்று படைத்தலைமை வெளியிட்ட செய்தியோ, 128 எதிரிகள் வீழ்ந்த வெற்றி என்பது. கைப்பற்றிய துப்பாக்கிகள் மூன்றே மூன்று! அந்த நவம்பரில் வாக்களித்த ஏழு கோடிக்கும் மேற்பட்ட மக்களுக்கு மை லாய் என்ற பெயரே தெரியாது.

இன்னொன்றும் மறைந்து கிடந்தது. தேர்தலுக்கு ஐந்து நாள் முன்னதாக, வட வியத்நாம் மீது குண்டு வீசுவதை நிறுத்துவதாக ஜான்சன் அறிவித்தார். அமைதி கைகூடும் என்று மக்கள் நம்பினர். ஆனால் தென் வியத்நாம் அதிபர் தியூ, பாரிசுப் பேச்சுவார்த்தைக்கு வர மறுத்துவிட்டார். பொறுத்திருந்தால் புதிய ஆட்சியில் இதைவிட நல்ல உடன்பாடு கிடைக்கும் என்ற செய்தி, குடியரசுக் கட்சி வேட்பாளர் ரிச்சர்ட் நிக்சன் தரப்பிலிருந்து அன்னா செனால்ட் என்ற அம்மையார் வழியாகத் தென் வியத்நாமுக்குச் சென்றிருந்தது. ஒட்டுக்கேட்டல் மூலம் ஜான்சன் இதை அறிந்தார். செனட் தலைவர் ஒருவரிடம் தொலைபேசியில் இதைத் துரோகம் என்றே குறிப்பிட்டார். ஆயினும் மக்கள் முன் வைக்கவில்லை. ஏறத்தாழ ஐந்து இலட்சம் வாக்கு வேறுபாட்டில் நிக்சன் வென்றார். பேச்சுவார்த்தைக்கு முட்டுக்கட்டை போட நிக்சனே பணித்ததைக் காட்டும் உதவியாளர் ஹால்டிமனின் கைக்குறிப்பு, ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்தே வெளிச்சத்துக்கு வந்தது.

ஆக, 1968-இன் வாக்காளரை நாம் குறைகூற இயலாது. தெரியாத ஒன்றைத் தீர்ப்பிடுவது எங்ஙனம்?

அறிந்த வாக்காளர்: 1972

அடுத்த தேர்தலில் இந்தச் சாக்கு இல்லை. மை லாய் கொடுமையைக் கேள்வியுற்ற ரான் ரைடன்ஹவர் என்ற முன்னாள் படைவீரர், 1969-இல் காங்கிரசு உறுப்பினர்கள் பலருக்கும் அதிகாரிகளுக்கும் மடல் எழுதினார். அவ்வாண்டு நவம்பரில் செய்மர் ஹெர்ஷ் என்ற செய்தியாளர் அதை உலகறியச் செய்தார். 1971 மார்ச்சில் லெப்டினன்ட் வில்லியம் கேலி என்பவருக்குப் படை நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது.

நாடே வெகுண்டெழுந்தது. எதற்காக? கொலைக்காக அன்று, தண்டனைக்காக! வெள்ளை மாளிகையில் தந்திகள் வந்து குவிந்தன. பெரும்பாலானவை குற்றவாளியின் பக்கம் நின்றன. அவரைப் புகழ்ந்து வெளியான இசைத்தட்டு பத்து இலட்சத்துக்கு மேல் விற்றது. சார்சியா மாநில ஆளுநர் ஒருவர், படைவீரர்களுக்கு ஆதரவு காட்ட ஒரு வார காலம் வண்டிகளின் முகப்பு விளக்கை எரியவிட்டு ஓட்டுமாறு மக்களைக் கேட்டுக்கொண்டார். அவர் பெயர் ஜிம்மி கார்ட்டர். பின்னாளில் அதிபராகி, 2002-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற அதே கார்ட்டர். நல்லோரையும் அலை எப்படி இழுத்துச் செல்கிறது பாருங்கள்! சில நாட்களிலேயே அந்த லெப்டினன்டைச் சிறையிலிருந்து வீட்டுக் காவலுக்கு மாற்ற நிக்சன் ஆணையிட்டார். குற்றம் சாட்டப்பட்டோருள் தண்டனை பெற்றவர் அவர் ஒருவரே. அவரும் 1974-இல் வெளியே வந்தார்.

1971 சூனில், டேனியல் எல்ஸ்பர்க் வெளிக்கொணர்ந்த பாதுகாப்புத் துறையின் இரகசிய ஆவணங்களை நியூயார்க் டைம்ஸ் நாளேடு வெளியிட்டது. போரைப் பற்றி அரசுகள் பல்லாண்டுகளாகப் பொய்யுரைத்தது அச்சில் வந்துவிட்டது. 1972 சூனில் வாட்டர்கேட் கட்டடத்தில் புகுந்தவர்களும் பிடிபட்டுவிட்டனர். அதன் பின்னரும் அந்த நவம்பரில், போரை உடனே நிறுத்துவேன் என்ற ஜார்ஜ் மக்கவர்னைத் தோற்கடித்து, ஐம்பது மாநிலங்களில் நாற்பத்தொன்பதை நிக்சன் அள்ளிக்கொண்டார்.

காரணம் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. நான்காண்டுகளுக்கு முன் ஓராண்டில் பதினாறாயிரத்தைத் தாண்டிய அமெரிக்கச் சாவு, 1972-இல் ஆயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. தேர்தலுக்குச் சில நாள் முன்பு, அமைதி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாகக் கிசிங்கர் அறிவித்தார். தம் வீட்டுப் பிள்ளை திரும்பி வந்துவிட்டான் என்பதே வாக்காளர் கண்ட செய்தி. வியத்நாமியர் வீட்டுப் பிள்ளைகள் அக்கணக்கில் சேரவில்லை. தேர்தல் முடிந்து டிசம்பரில் ஹனாய் நகர் மீது குண்டுமழை பொழிந்தது.

மாணவத் தோழர்கள் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. போரிடும் வயது வாக்களிக்கும் வயதாகவும் இருக்க வேண்டும் என்று வாதாடி, 1971-இல் பதினெட்டு வயதினர் அங்கே வாக்குரிமை பெற்றனர். 1972 அவர்களது முதல் அதிபர் தேர்தல். இருபத்தைந்து வயதுக்குட்பட்ட அந்த இளைஞர்களில் வாக்களித்தோர் ஏறத்தாழப் பாதிப் பேரே!

கண்ணால் கண்ட வாக்காளர்: 2004

ஈராக்கில் அபு கிரைப் சிறையில் கைதிகளை அமெரிக்கப் படையினர் வதைத்து இழிவுபடுத்திய ஒளிப்படங்கள் 2004 ஏப்ரல் 28-ஆம் நாள் தொலைக்காட்சியில் வந்தன. தேர்தலுக்கு ஆறே மாதம். மை லாயைப் போல ஒன்றரை ஆண்டு மறைந்து கிடக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் கண்டு உணரும் சான்று. பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்பெல்ட் செனட் குழுவின் முன் மன்னிப்புக் கேட்டார், பதவியிலோ நீடித்தார். சிறை சென்றவர்கள் யாவரும் கீழ்நிலைப் படையினர். நவம்பரில் ஜார்ஜ் புஷ் 286 தேர்வாளர் வாக்குகள் பெற்று மீண்டும் அதிபரானார்.

வாக்களித்து வெளிவந்தோரிடம், உங்கள் வாக்கை முடிவு செய்தது எது என்று ஒரு பட்டியலைக் கொடுத்துக் கேட்டனர். மிகுதியானோர், அதாவது 22 விழுக்காட்டினர், தேர்ந்தெடுத்த விடை 'ஒழுக்க நெறிகள்'! ஈராக் என்றோர் 15 விழுக்காட்டினர். ஒழுக்கத்துக்காக வாக்களித்தவர்களுள் மிகப் பெரும்பான்மையோர் புஷ்ஷுக்கே வாக்களித்தனர். அவர்களைப் போலிகள் என்று நான் சொல்ல மாட்டேன். குடும்பம், திருமணம், கருக்கலைப்பு ஆகியவை பற்றிய நெறியையே அவர்கள் அச்சொல்லில் கண்டனர். அபு கிரைப் சிறையின் கொட்டடி அந்தச் சொல்லின் எல்லைக்கு வெளியே கிடந்தது.

அதே தேர்தலில் ஒரு போர்க்கால விவகாரம் உண்மையாகவே வேட்பாளர் ஒருவரைத் தாக்கியது. எதிர்த்துப் போட்டியிட்ட ஜான் கெர்ரி வியத்நாமில் படகுப் படையில் பணியாற்றி விருது பெற்றவர். நாடு திரும்பியபின், 1971 ஏப்ரலில், வியத்நாமில் நடந்த கொடுமைகள் பற்றிச் சக வீரர்கள் கூறியவற்றைச் செனட் குழுவின் முன் எடுத்துரைத்தவர். முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், படகுப் படையின் பழைய வீரர்கள் சிலர் அமைத்த குழு ஒன்று அந்தச் சான்றுரையையே விளம்பரமாக்கி, தோழர்களைக் காட்டிக்கொடுத்தவர் என்று அவர்மீது பாய்ந்தது. சிறைக் கொடுமை நடந்த ஆட்சியின் தலைவர் வென்றார்; கொடுமையை எடுத்துச் சொன்னவர் தலைகுனிய வேண்டியதாயிற்று.

என் கருத்து

இம்மூன்று தேர்தல்களும் எனக்கு உணர்த்துவது இதுதான்: வாக்காளர் தோற்ற போரைத் தண்டிக்கிறார், கொடிய போரைத் தண்டிப்பதில்லை. மறுப்போர் 1968-இல் ஜான்சன் விலகியதைக் காட்டலாம். 2006-இல் புஷ்ஷின் கட்சி காங்கிரசின் இரு அவைகளையும் இழந்ததையும், மறுநாளே ரம்ஸ்பெல்ட் விலகல் அறிவிக்கப்பட்டதையும் காட்டலாம். இரண்டும் உண்மை. ஆனால் இரு முறையும் மக்களை உறுத்தியது, போர் முடிவின்றி நீண்டு, தம் வீரர் மடிந்துகொண்டே இருந்த நிலை. இழிசெயல்கள் அந்த வெறுப்பில் ஒரு துளியாகக் கலந்திருக்கலாம். தனித்து நின்று ஒரு தேர்தலையும் அவை மாற்றியதாகத் தெரியவில்லை.

ஏன் அப்படி? மூன்று காரணங்கள் எனக்குத் தோன்றுகின்றன. ஒன்று, கொல்லப்பட்டோரும் வதைபட்டோரும் அந்நாட்டு வாக்காளர் பட்டியலில் இல்லை. இரண்டு, போர்வீரன் மீது சாட்டப்படும் குற்றத்தை வாக்காளர் தம் மகன்மீது, தம்மீது சாட்டப்பட்டதாகவே கொள்கிறார். ஆகவே சொன்னவரைச் சினக்கிறார். மூன்று, இதை அறிந்த வேட்பாளர்கள் வாய் மூடிக்கொள்கின்றனர். ஒரே சீட்டில் வரி, வேலை, கல்வி என்று நூறு செய்திகளுக்கும் சேர்த்து முத்திரை குத்த வேண்டிய மனிதர், தொலைதூரத்து அந்நியனின் அழுகைக்கு அதில் எவ்வளவு இடம் ஒதுக்குவார்?

அப்படியானால் உண்மையை வெளியிட்டு என்ன பயன் என்று என் வகுப்புத் தோழர் ஒருவர் கேட்டார். பயன் உண்டு, தேர்தல் நாளில் அதைத் தேடக்கூடாது. அபு கிரைப் படங்கள் 2004-இல் ஆட்சியை அசைக்கவில்லை. ஆனால் 2005 அக்டோபரில், கைதிகளைக் கொடுமையாக நடத்துவதைத் தடை செய்யும் சட்டத் திருத்தத்தைச் செனட் அவை 90-க்கு 9 என்ற வாக்கில் ஏற்றது. கொண்டுவந்தவர் ஜான் மெக்கைன், அதிபரின் கட்சிக்காரர், ஹனாய் சிறையில் வதைபட்டவர். தேர்தல் ஆண்டில் ஊமையாயிருந்த மனச்சான்று அடுத்த ஆண்டில் வாய் திறந்தது. அதுபோலவே, வியத்நாமில் கற்ற கசப்பே, போர் தொடுக்கும் அதிபரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டும் 1973-ஆம் ஆண்டுச் சட்டமாயிற்று. அதிபர் நிக்சன் மறுத்த பின்னரும் காங்கிரசு அதை நிறைவேற்றியது.

இவற்றுக்கெல்லாம் முதற்காரணம், மணியின் கயிற்றை இழுத்த தனிமனிதர்கள். மை லாயில் தன் ஹெலிகாப்டரைத் தரையிறக்கி, சுடுவோருக்கும் ஊராருக்கும் இடையே நின்று சிலரைக் காத்தார் ஹியூ தாம்ப்சன். அவருக்குக் கிடைத்தவை மிரட்டல்கள். வீரத்துக்கான உரிய பதக்கம் வந்தது முப்பதாண்டுகள் கழித்து, 1998-இல். அபு கிரைப் படங்களை விசாரணையாளரிடம் ஒப்படைத்தவர் ஜோசப் டார்பி என்ற படைவீரர். பெயர் வெளிப்பட்டதும் அவரும் மனைவியும் பாதுகாப்பில் வைக்கப்பட்டனர். சொந்த ஊரில் வாழ முடியவில்லை. தேர்தலில் நின்றவர்கள் சொல்லத் தயங்கியதை இவர்கள் செய்தனர், விலையும் கொடுத்தனர்.

நம் நாட்டிலும் 1989 முதல் பதினெட்டு வயதினருக்கு வாக்குரிமை உண்டு. இம்மலரைப் படிக்கும் தோழர்களில் பெரும்பாலோர் வாக்காளர்கள். வாக்கு பெரிய உரிமைதான். அதைத் தவறாது பயன்படுத்த வேண்டும். ஆனால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை விரலில் மை வைத்துக்கொண்டதுடன் நம் கடமை தீர்ந்தது என்று எண்ணிவிடக் கூடாது. பட்டியலில் பெயர் இல்லாதவருக்காகப் பேசுவது இரு தேர்தல்களுக்கு இடையே செய்ய வேண்டிய வேலை. அதைச் செய்யும் செய்தியாளரை, சாட்சியை, எளிய படைவீரரை நாட்டைக் காட்டிக்கொடுத்தவர் என்று கூட்டம் ஏசும்போது, அக்கூட்டத்தில் நம் குரல் சேராதிருக்கட்டும். அவர் பக்கம் நின்று ஒரு சொல் சொல்லும் துணிவு நமக்கு வருமானால், கல்லூரியில் நாம் பயின்ற வரலாறு வீண்போகவில்லை என்பேன்.