பெரிய பந்தயம், யாருடைய பொறுப்பு?

மளிகைக் கடையில் ஒரு கிலோ அரிசி வாங்குபவருக்கு ஒரு விலை, மூட்டையாக எடுப்பவருக்கு வேறு விலை. நிறைய வாங்குபவருக்குச் சற்றுக் குறைத்துக் கொடுப்பது வியாபார வழக்கம். லாஸ் வேகாஸ் சூதாட்டக் கூடங்களிலும் ஏறத்தாழ இதே கணக்குதான் ஓடுகிறது. நெவாடா மாநிலச் சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அறிக்கைகளைப் புரட்டினால், ஒரு சென்ட் ஸ்லாட் மெஷின்கள் பிடித்து வைத்துக்கொள்ளும் பங்கு, ஒரு டாலர் மெஷின்கள் பிடிக்கும் பங்கைவிட அதிகமாகவே இருந்து வருவது தெரியும்.

ஆன்லைன் ஸ்லாட்டில் அந்த வழக்கம் பெரும்பாலும் கிடையாது. பத்து பென்னி வைத்துச் சுழற்றினாலும் ஐந்து பவுண்டு வைத்துச் சுழற்றினாலும், நீண்ட ஓட்டத்தில் திருப்பித் தரும் விகிதம் ஒன்றுதான். சில விளையாட்டுகளில் மட்டும் பெரிய பந்தயத்துக்குக் கூடுதல் விகிதமோ, ஜாக்பாட்டில் கூடுதல் வாய்ப்போ உண்டு. அப்படியானால் அதிகப் பணம் வைத்து ஆடுபவர் ஏமாற்றப்படுகிறாரா? இந்தக் கேள்வியைப் பிரிட்டனை வைத்துப் பார்ப்பது பயன் தரும். தமிழ்நாடு 2022-இல் ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. 2025-இல் மத்திய அரசும் பண விளையாட்டுகளைத் தடுத்தது. பிரிட்டனோ அனுமதித்து, உரிமம் கொடுத்து, கண்காணிக்கும் வழியைத் தேர்ந்தது. அங்கே நம் உறவுகள் ஆயிரக்கணக்கில் வாழ்கிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் போனிலும் அந்தச் சக்கரம் சட்டப்படி சுழல்கிறது.

நேரடிக் கேள்விக்கு நேரடிப் பதில்: உரிமம் பெற்ற தளத்தில், பெரிய பந்தயம் வைத்தவரைப் பார்த்து மெஷின் கையை இறுக்கிக்கொள்வதில்லை. முடிவுகள் தற்செயலாகவே விழ வேண்டும்; ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது வெல்லும் வாய்ப்பைக் கமுக்கமாக மாற்றக் கூடாது; திருப்பித் தரும் விகிதம் ஆடுபவருக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். பிரிட்டனின் சூதாட்ட ஆணையம் இவற்றை விதியாகவே வைத்திருக்கிறது. ‘நேற்று பெரிய தொகை ஜெயித்தேன், அதனால் இன்று மெஷின் என்னைப் பழிவாங்குகிறது’ என்று ஆடுபவர்கள் புலம்புவதுண்டு. அந்தப் புலம்பலின் வலி உண்மையானது, காரணம் உண்மையானதல்ல.

ஆனால் நியாயத்தை விகிதத்தில் மட்டும் அளந்துவிட்டு எழுந்து போக முடியாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிரிட்டனில் ஒரு சுழற்சிக்கும் அடுத்த சுழற்சிக்கும் குறைந்தது 2.5 விநாடி இடைவெளி வேண்டும் என்பது 2021 முதல் விதி. விடாமல் ஆடினால் ஒரு மணி நேரத்தில் 1,440 சுழற்சிகள். 96 சதவீதம் திருப்பித் தரும் மெஷினில் 20 பென்னி வீதம் ஆடுபவர் சராசரியாக மணிக்கு 11 பவுண்டுக்குச் சற்று மேல் இழப்பார். ஐந்து பவுண்டு வீதம் ஆடுபவரின் இழப்பு 288 பவுண்டு. நூறு பவுண்டு வைத்தால் 5,760. மூவருக்கும் விகிதம் 96தான். ‘நூற்றுக்கு நான்கு’ என்று கேட்கும்போது சின்னதாகத் தோன்றும் வெட்டு, வேகமும் தொகையும் சேரும்போது ஒரு குடும்பத்தின் மாத வாடகையை ஒரே இரவில் விழுங்கிவிடுகிறது.

இதில் பலருக்குத் தெரியாத இன்னொரு விஷயமும் உண்டு. பல விளையாட்டுகளைத் தயாரிப்பாளர்களே பல விகிதங்களில் செய்து விற்கிறார்கள். பெயர் அதே, படம் அதே, இசையும் அதே. ஒரு தளத்தில் 96, இன்னொன்றில் 94. முன்பு சொன்ன ஐந்து பவுண்டுக்காரர் 94 இருக்கும் தளத்துக்குப் போனால், மணிக்கு 288 இழந்தவர் 432 இழப்பார். இருபது பென்னிக்காரருக்கு அந்த வேறுபாடு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. விகிதம் எங்கோ உதவிப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது, உண்மைதான். அதை ஆட்டத்தின் முகப்பிலேயே பெரிய எழுத்தில் போட என்ன தடை? எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

விகிதத்தில் தராத சலுகையை நிறுவனங்கள் வேறு வழியில் தந்தன: விஐபி என்ற பட்டம், தனி மேலாளர், இலவசச் சுழற்சிகள், விளையாட்டுப் போட்டிகளுக்கு டிக்கெட். 2020 தொடக்கத்தில் வெளியே வந்த சூதாட்ட ஆணைய ஆவணம் ஒன்றின்படி, ஒரு நிறுவனம் பெற்ற வைப்புத்தொகையில் 83 சதவீதம், அதன் வாடிக்கையாளர்களில் 2 சதவீதமே இருந்த விஐபிகளிடமிருந்து வந்தது. ஒரு தொழில் இத்தனை சிலரின் இழப்பை நம்பி நிற்கும்போது, அவர்களை நிறுத்தச் சொல்ல அதற்கு மனம் வருமா? அந்த ஆண்டு அக்டோபர் கடைசியில் விதி மாறியது. ஒருவரை விஐபி ஆக்கும் முன், அவரால் அந்தச் செலவைத் தாங்க முடியுமா, பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். நிறுவனத்தின் மூத்த அதிகாரி ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

2025 ஏப்ரல் 9 அன்று ஆன்லைன் ஸ்லாட்டில் ஒரு சுழற்சிக்கு 5 பவுண்டு என்ற உச்சவரம்பு வந்தது. மே 21 முதல், 18–24 வயதினருக்கு 2 பவுண்டு. அதற்கு முன் ஆன்லைனில் சட்டப்படி உச்சவரம்பே இருக்கவில்லை. பந்தயக் கடைகளில் இருந்த மெஷின்களுக்கு மட்டும் 2019-இலேயே நூறு பவுண்டிலிருந்து 2 பவுண்டாகக் குறைத்திருந்தார்கள். தெருவில் ஆபத்து என்று ஒப்புக்கொண்டதைப் படுக்கையறைக்குள் ஆறு ஆண்டுகள் அனுமதித்தது பெரிய தவறு. ‘அதிகம் வைக்க முடிந்தவரின் சுதந்திரம்’ என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் தோற்ற பிறகு விட்டதைப் பிடிக்கத் தொகையைக் கூட்டும் அந்த நள்ளிரவில், முடிவெடுப்பவர் காலையில் இருந்த அதே மனிதர் அல்லர்.

அரசு வரம்பு வைத்துவிட்டது, இனி ஆடுபவர் பாடு என்று விட்டுவிடுவதும் சரியாகாது. மணிக்கு 288 பவுண்டு இன்னும் சட்டத்துக்கு உட்பட்டதுதான். 2025 ஏப்ரல் முதல் ஆன்லைன் நிறுவனங்கள் வருமானத்தில் 1.1 சதவீதத்தைக் கட்டாய வரியாகச் செலுத்துகின்றன. அதில் பாதி தேசிய சுகாதாரச் சேவை வழியாகச் சிகிச்சைக்குப் போகிறது. கிரெடிட் கார்டில் சூதாட 2020 முதல் தடை. வங்கிகள் பல, கேட்டால் சூதாட்டக் கட்டணங்களை நிறுத்தித் தருகின்றன. 30 நாளில் 150 பவுண்டுக்கு மேல் நிகரமாக வைப்பவரின் நிதி நிலையில் ஏதேனும் அபாய அறிகுறி இருக்கிறதா என்று நிறுவனம் பார்க்க வேண்டும். ஆளுக்கொரு மூலையைப் பிடித்திருக்கிறார்கள், சரிதான்.

யாரும் பிடிக்காத மூலை ஒன்று இருக்கிறது. முற்றிலும் விலக விரும்புபவர் கேம்ஸ்டாப் என்ற தன்விலக்குப் பதிவேட்டில் ஒருமுறை பதிந்தால் போதும், உரிமம் பெற்ற எல்லாத் தளமும் கதவை மூடும். விலகாமல், அளவாக மட்டும் ஆட நினைப்பவருக்கு அப்படி ஒரு பொதுக் கதவு இல்லை. ஒரு தளத்தில் மாதம் 200 பவுண்டு என்று வரம்பு வைத்தவர், அது தீர்ந்த நிமிடமே அடுத்த தளத்தில் புதுக் கணக்குத் தொடங்கலாம். எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான ஒரே வைப்பு வரம்பு வேண்டும். தரவைப் பகிர நிறுவனங்கள் ஒப்ப வேண்டும், தனியுரிமை கெடாத முறையை ஆணையம் வகுக்க வேண்டும், வங்கிகள் கைகொடுக்க வேண்டும். வீட்டில் இருப்பவர்களும் சம்பள நாளின் மறுநாள் கணக்கில் பணமில்லை என்றால், சண்டை போடும் முன் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வரம்பை இருவருமாகச் சேர்ந்து வைக்கலாம்.