ஒடுங்குகிறது அலைவரிசை, உறங்குகின்றன சபைகள்!

திருகோணமலை, ஓர்ஸ் ஹில்

"கைத்தொலைபேசி இருக்கையில் சபைக்கு வாக்கி டாக்கி எதற்கு?" என்று வினவும் பெரியோர் நம்மிடையே உளர். அவர்களை யாம் திருப்பிக் கேட்கின்றோம்: 1986 ஏப்ரல் 20ஆம் நாள் பின்னிரவில் கந்தளாய்க் குளத்து அணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனரே, அந்த இருளில் ஊர் ஊராகச் செய்தி கொண்டு செல்ல என்ன வழி இருந்தது? 2004 டிசம்பர் 26இல் சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கியதற்கும் நம் கரையில் ஆழிப்பேரலை மோதியதற்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. செய்தி வரவில்லை, சாவு வந்தது!

புயலடித்தால் தொலைபேசிக் கோபுரங்கள் மின்சாரமின்றி ஓயும். அப்போது ஊரைக் காக்க வல்லது சபையின் சொந்தக் கம்பியில்லாக் கருவியே. அக்கருவிக்குத்தான் இப்போது ஒரு சோதனை வருகின்றது.

உழவர் பெருமக்களே! ஒரு வயலின் நடுவே வரம்பு கட்டினால் இருவர் பயிரிடலாம். அவ்வாறே 25 கிலோஹேர்ட்ஸ் அகலமுடைய அலைவரிசையை 12.5 ஆகப் பிரித்தால் ஒருவர் பேசிய இடத்தில் இருவர் பேசலாம். அமெரிக்க நாடு இதனையே செய்தது. பொலிசார், தீயணைப்போர், நகர சபைகள் யாவரும் 2013 ஜனவரி 1ஆம் நாளுக்குள் ஒடுங்கிய அலைவரிசைக்கு மாறவேண்டும் எனக் கட்டளை பிறந்தது. ஏறத்தாழ எட்டாண்டுத் தவணை இருந்தும், செல்வம் கொழிக்கும் அந்நாட்டிலேயே பல சபைகள் கடைசி வேளையில் காலநீட்டிப்புக் கேட்டு நின்றன.

"அது அமெரிக்கச் சட்டம், நமக்கென்ன?" என்பீரோ? கருவி செய்யும் தொழிற்சாலைகள் பலவும் புதிய அளவிற்கும் ஏற்ற கருவிகளைச் செய்கின்றன. பழங்கருவி பழுதானால் உதிரிப்பாகத்திற்கு எங்கே போவீர்? அன்றியும், 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அலைவரிசைக்கு உரிமம் வழங்கும் அதிகாரம் கொழும்பிலுள்ள தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் உள்ளது. அங்கே எழுதப்படும் ஒரு வரி, வெருகலிலும் குச்சவெளியிலும் உள்ள கருவியை ஒரே நாளில் ஊமையாக்க முடியும்.

பாதிக் கருவிகளை மாற்றிப் பாதியை விட்டுவைப்பதும் பெருந்தவறு. அகன்ற கருவியில் ஒடுங்கிய குரல் தேய்ந்து ஒலிக்கும். ஒடுங்கிய கருவியில் அகன்ற குரல் சிதறி ஒலிக்கும். வெள்ளத்து இரவில் "ஓடு" என்ற சொல்லே விளங்காது போனால் பொறுப்பாளி யார்?

கொழும்பைக் குறை கூறுமுன் நம் வீட்டைத் திருத்துவோம். ஒவ்வொரு சபையும் தன்னிடமுள்ள கருவிகளை எண்ணிக் கணக்கெடுக்கட்டும். உரிமத் தாள்களைத் தூசி தட்டிப் பார்க்கட்டும். இனி வாங்குவதை ஒடுங்கிய அலைவரிசையில் இயங்குவதாகவே வாங்கட்டும். மூதூரும் கிண்ணியாவும் தம்பலகாமமும் ஒரே திட்டத்தில், ஒரே நாளில் மாறட்டும். மாறியபின் குரல் எட்டும் தூரம் குறையக்கூடும். ஆதலால் எல்லைக் கிராமங்கள்வரை சென்று பேசிச் சோதிக்கட்டும்.

ஆணைக்குழுவிடமும் ஒன்று கேட்போம். கிழக்கு மாகாணத்தின் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை கூறுகின்றது. விதியும் விண்ணப்பமும் பயிற்சியும் தமிழில் வரவேண்டும். இது சலுகையன்று, உரிமை!

ஜெர்மனியின் வானொலி 1984 முதல் 2013 வரை இதே திருகோணமலை மண்ணிலிருந்து ஆசியாவெங்கும் முழங்கிற்று. அயலான் குரலுக்கு இடங்கொடுத்த மண்ணில், நம் குரல் அடுத்த கிராமத்தை எட்டாதெனில் அது வெட்கக்கேடன்றோ?

பொறியியலாளரே, கணக்கெடுப்பிற்குத் துணை நில்லுங்கள். உழவரே, வரவு செலவுத் திட்டக் கூட்டம் கூடுமுன் உங்கள் உறுப்பினரை நிறுத்திக் கேளுங்கள்: "ஐயா, எங்கள் சபையின் கருவி பேசுமா?"

விடை வரும்வரை விடாதீர்கள்!