காலுக்கு ஈடாக ஒரு லைசென்ஸ்

போரில் காயம்பட்டவர்களைப் பற்றிய நாவல்கள் பெரும்பாலும் காயத்தையே பேசும். பதுங்குகுழி, குண்டுவீச்சு, ஆஸ்பத்திரிக் கட்டில், நள்ளிரவில் அலறி எழும் மனிதன் என்று அந்தத் தடம் நமக்குப் பழகிப்போனது. ஜோசப் ரோத் 1924-இல் ஜெர்மன் மொழியில் எழுதிய ‘கலகம்’ நாவல் அந்தத் தடத்தில் போகவில்லை. அதன் நாயகர் ஆந்த்ரேயாஸ் பும் முதல் உலகப் போரில் ஒரு காலை இழந்தவர். கதை தொடங்கும்போதே அவர் சண்டையிட்டு முடித்துவிட்டார். கால் போனதற்கு ஈடாக ஒரு பதக்கமும், கைப்பிடியைச் சுழற்றினால் பாட்டு வரும் இசைப்பெட்டியோடு தெருவில் பிழைத்துக்கொள்ள ஒரு லைசென்ஸும் கிடைக்கின்றன. அவருக்கு அதிலேயே பரம திருப்தி. அரசைக் குறை சொல்லும் சக வீரர்கள் அவர் கண்ணுக்கு அஞ்ஞானிகள். இந்த மனிதரை அழிப்பது இழந்த கால் இல்லை, கிடைத்த லைசென்ஸ்தான் என்பதே நாவலின் கூர்மை. போரின் நீண்டகாலச் சேதம் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு ரோத் காட்டும் விடை இது: அரசு பட்ட கடனைச் சலுகையாக மாற்றித் தரும்போது காயம் இரண்டாவது முறை உண்டாகிறது.

அந்த இரண்டாவது காயம் ஒரு டிராம் வண்டியில் நேர்கிறது. ஏறி நிற்கும் பும்மின் மேல், வேறு ஏதோ கவலையில் வெந்துகொண்டிருக்கும் ஆர்னால்ட் என்ற வசதியான வியாபாரி எரிந்து விழுகிறார். நொண்டி வேஷம் போடுகிறாய் என்ற தொனியில் பேச்சு போகிறது; வார்த்தை தடிக்கிறது. வண்டியில் இருப்பவர்கள் கட்டைக்காலைப் பார்க்கவில்லை, நல்ல கோட்டைப் பார்த்துப் பக்கம் சேர்கிறார்கள். போலீஸ்காரர் வந்து லைசென்ஸைப் பிடுங்கிக்கொள்கிறார். அதற்குப் பிறகு எல்லாம் சரிவுதான். சிறை, கைவிடும் மனைவி, குருவிகளுக்கு ரொட்டித் துணுக்கு போடக்கூட மேலிடத்தின் அனுமதியை எதிர்பார்த்து நிற்கும் நிலை. வெளியே வரும்போது கிழவராகிவிட்ட பும்முக்கு ஒரு காபி விடுதியின் கழிப்பறையில்தான் வேலை கிடைக்கிறது. கால் போன பிறகும் தலை நிமிர்ந்து நடந்தவர், ஒரு காகிதம் போனதும் விழுந்துவிடுகிறார்.

இது கற்பனைக் கதை, அன்றைய ஜெர்மனி தன் வீரர்களை இப்படி நடத்தவில்லை என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பில் நியாயம் உண்டு. போரில் ஊனமுற்றவர்களுக்கு ஓய்வூதியம் சட்டப்படியான உரிமை என்று 1920-இல் அந்த நாடு சட்டம் இயற்றியது. கடுமையாக ஊனமுற்றவர்களை வேலைக்கு எடுக்க வேண்டும் என்று முதலாளிகளைக் கட்டாயப்படுத்தும் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. பிரிட்டனில் அப்படிப்பட்ட கட்டாயம் இல்லை. முதலாளிகள் மனமிருந்தால் சேரலாம் என்ற ஏற்பாடும், தரும ஸ்தாபனங்களின் உதவியும்தான் இருந்தன. ஆனாலும் கசந்துபோய் அரசுக்கு எதிராகத் திரும்பியவர்கள் ஜெர்மன் வீரர்களே. பிரிட்டிஷ் வீரர்கள் ஒப்பீட்டளவில் அமைதியாக இருந்தார்கள். வரலாற்றாசிரியர் டெபோரா கோஹன் 2001-இல் வெளிவந்த தன் நூலில் இந்த முரணை விரிவாக ஆராய்கிறார். அப்படியானால் உரிமை கசப்பையும் சலுகை நிறைவையும் தந்தது என்றல்லவா ஆகிறது?

இந்த மறுப்புக்கு ரோத் முன்கூட்டியே பதில் எழுதி வைத்திருக்கிறார். நாவலின் முதல் பாதி முழுக்க பும்மைவிட நிறைவான மனிதர் ஊரில் இல்லை. அந்த நிறைவு அவருக்கு நியாயம் கிடைத்ததற்குச் சான்றாகிவிடுமா? கொடுத்தவர் மனம் கோணாதவரைதான் அது நிலைக்கும். அது கோணும் நாளில் கேட்பதற்கு அவரிடம் ஒரு வார்த்தையும் இருக்காது. கசந்துபோன ஜெர்மன் வீரருக்காவது எதைக் கேட்பது என்று தெரிந்திருந்தது. அதே சமயம், கோஹனின் ஆய்வு சொல்லும் இன்னொரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். ஜெர்மனியில் அரசு எல்லாவற்றையும் தன் கையில் எடுத்துக்கொண்டபோது, காயம்பட்டவர்களோடு பொதுமக்களுக்கு இருந்திருக்கக்கூடிய உறவு அறுந்தது. டிராமில் ஒருவர்கூட பும்முக்காக வாய் திறக்காததன் காரணத்தை அங்கே தேடலாம். சட்டம் மட்டும் போதாது என்பது சரி. சட்டத்தின் இடத்தில் தயவு போதும் என்ற முடிவுக்குத்தான் அதிலிருந்து வர முடியாது.

அடுத்த மறுப்பு நடைமுறை சார்ந்தது. பொதுப்பணம் செலவாகிறது, பொய் சொல்பவர்களும் இருப்பார்கள், சோதிக்காமல் எப்படிக் கொடுப்பது? சோதிக்கத்தான் வேண்டும். நிரூபிக்கும் பாரத்தை யார் தலையில் வைப்பது என்பதே பிரச்சினை. உடலில் தெரியும் காயத்துக்கே பும் சந்தேகத்தைச் சந்தித்தார் என்றால், மனத்தில் பட்ட காயத்தின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. 1926-இல் ஜெர்மனியின் காப்பீட்டு உயர் அமைப்பு, இப்படிப்பட்ட நரம்புக் கோளாறுக்குக் காரணம் நடந்த சம்பவம் இல்லை, ஈட்டுத்தொகை மீதுள்ள ஆசைதான் என்று கருதி உதவியை மறுத்தது. ஆர்னால்ட் டிராமில் கோபத்தில் சொன்னதையே அது நிதானமாகத் தீர்ப்பாக எழுதியது. பாரத்தை இடம் மாற்றவும் முடியும் என்பதற்குப் பிற்கால உதாரணங்கள் உண்டு. வியட்நாம் போர் முடிந்து 16 ஆண்டுகளுக்குப் பிறகு, 1991-இல் அமெரிக்கா ‘ஏஜென்ட் ஆரஞ்ச்’ களைக்கொல்லி தொடர்பாக இயற்றிய சட்டம், அங்கே பணிபுரிந்தவர்களுக்குப் பின்னாளில் வந்த சில நோய்களைப் பணியால் வந்தவை என்றே அனுமானித்துக்கொள்ள வழி செய்தது. இந்தியாவில் 2013-இல் உச்ச நீதிமன்றம், படையில் சேரும்போது பதிவாகாத நோய் பின்னால் வந்து ஒருவர் வெளியேற்றப்பட்டால், பணியே காரணம் என்று கொள்ள வேண்டும், இல்லையென்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு என்றது. ஆனாலும் ஊன ஓய்வூதியத்துக்காக முன்னாள் வீரர்கள் தீர்ப்பாயப் படி ஏறுவது நின்றபாடில்லை.

சலுகையைப் பெருக்கினால் தீர்ந்துவிடாதா என்றும் கேட்கலாம். நாவலின் கடைசிப் பக்கங்கள் அதைத்தான் சோதித்துப் பார்க்கின்றன. இறந்தபின் கடவுளின் நீதிமன்றத்தில் நிற்கும் பும், கலகக் குரல் எழுப்புகிறார். அவருக்குச் சமாதானமாக அங்கேயும் அருங்காட்சியகக் காவலர், பூங்காக் காவலர், மூலையில் ஒரு புகையிலைக் கடை என்று சின்னச்சின்ன வேலைகள் நீட்டப்படுகின்றன. நரகமே மேல் என்று மறுத்துவிடுகிறார். அவர் மறுப்பது தொகையின் சிறுமையை இல்லை, கொடுக்கும் முறையை. ஊன ஓய்வூதியத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எவ்வளவு என்று மட்டுமே கேட்கிறோம். எந்த நிபந்தனையில் என்று கேட்பதில்லை. காலை இழந்த ஒருவர் தெருவில் நின்று அரசை வாய்விட்டுத் திட்டிய பிறகும், அடுத்த மாதம் முதல் தேதி அவர் பணம் எந்தக் கேள்வியுமின்றி வங்கிக் கணக்குக்கு வந்தால், நாடு தன் கடனை அடைக்கிறது என்று சொல்லலாம். திட்டுவதற்கு முன் ஒருகணம் அவர் யோசிக்க வேண்டியிருந்தால், அவர் கையில் இருப்பதும் பும்முக்குக் கிடைத்த அதே லைசென்ஸ்தான்.