மலை ஏறினால்தான் மனம் ஆறுமா?

மும்பையில் மனசு சரியில்லை என்று யாரிடம் சொன்னாலும், "ரெண்டு நாள் லோணாவ்லா மலைக்குப் போயிட்டு வாங்க" என்பார்கள். தாராவியில் தினக்கூலிக்குத் தையல் மிஷின் மிதிப்பவரிடமும் இதையேதான் சொல்கிறார்கள். இரண்டு நாள் கூலியையும் இழந்து, பயணத்துக்கும் கடன் வாங்குகிறவருக்கு நிம்மதி எங்கிருந்து வரும்?

இயற்கை என்றால் மலையும் அருவியும்தான் என்ற எண்ணமே தவறு. 1984-இல் ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர், பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் மருத்துவமனைக் குறிப்புகளை ஒப்பிட்டு 'சயின்ஸ்' இதழில் எழுதினார். ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிட முன்னதாக வீடு திரும்பினார்கள். கடுமையான வலிமருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. சிறிய ஆய்வுதான். ஆனால் அவர்களில் யாரும் மலையேறவில்லை. படுத்த இடத்திலிருந்தே மரத்தைப் பார்த்தார்கள்.

"வீட்டுக்கே வழியில்லாதவனுக்கு மரம் ஒரு கேடா?" என்று கேட்பவர்கள் மீதுதான் எனக்குக் கோபம் அதிகம். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் இருக்கும் வீட்டில், மாமியாரிடம் பேச்சு வாங்கிய பெண் எங்கே போய் ஒரு நிமிஷம் மூச்சு விடுவாள்? சந்து முனையில் அரசமரம் இருந்தால் அதன் அடிமேடைதான் அவளுக்கு இன்னொரு அறை. பெயின்ட் டப்பாவில் துளசி வளர்க்கிறவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸில் நம் பெரியவர்கள் காலையில் அனுபவிக்கும் நிழல், தாராவிக்கு மட்டும் எப்படி ஆடம்பரமாகும்? தாராவியை ஒட்டி, மித்தி ஆற்றங்கரையில், ஊர்க்குப்பை கொட்டிய இடத்தில் மரம் நட்டு உருவாக்கியதுதான் 37 ஏக்கர் மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா. 1994-இல் திறந்தார்கள். குப்பைமேட்டில் காடு வளர்த்த ஊரில் சந்துக்கு நாலு மரம் வளர்க்க முடியாதா?

மனச்சோர்வு நோயாக முற்றியவர் மருத்துவரிடம்தான் போக வேண்டும். சயான் மருத்துவமனை தாராவிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த நோய்க்கு மருந்தாக மரத்தையும் சொல்லக் கூடாது, மலையையும் சொல்லக் கூடாது.

நிம்மதி வெளியூரில் இருக்கிறது என்று நம்புகிறவர்கள், உள்ளூர் மரம் போவதைக் கண்டுகொள்வதில்லை. 2019 அக்டோபரில் மும்பையின் ஆரே பகுதியில் மெட்ரோ பணிமனைக்காக 2,000-க்கும் மேற்பட்ட மரங்களைச் சாய்த்தபோது எதிர்த்து நிற்க ஆட்கள் வந்தார்கள். செம்பூரில் ஒரு தெருமரம் சாய்ந்தால் யார் வருவார்?

மரத்தில் மாநகராட்சி நோட்டீஸ் ஒட்டியிருந்தால் நின்று படியுங்கள். ஆட்சேபம் எழுதிக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. தாராவிக்காரரானால், மறுசீரமைப்புத் திட்டத்தில் உங்கள் கட்டடத்தின் வரைபடத்தைக் காட்டும்போது, மரத்துக்கு எங்கே இடம் விட்டிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.